இடது பக்கம் கொஞ்சம் மெதுவு

தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையைச் சங்கம் நியமிக்கிறது. அவர்களுக்கு விமானச் சீட்டு, ஓட்டல் அறை, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை எல்லாம் கிடைக்கும். இரண்டாம் வகையை யாரும் நியமிப்பதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை, அதனாலேயே யாராலும் பதவியிலிருந்து நீக்கவும் முடிவதில்லை. நான் இரண்டாம் வகை. நாற்பது வருட சர்வீஸ்.

கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாநிலத்தில் இந்த இனம் ஏரிகளில் பனி கெட்டியானதும் வெளியே வரும். இருபது வயதுக்கு உட்பட்டவர்களின் பனி ஹாக்கி உலகக் கோப்பை கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்குகிறது. கனடா அணியின் இருபத்தைந்து பேர் யார் என்பதை டிசம்பர் நடுவில் அறிவிப்பார்கள். அதுவரைக்கும் நாங்கள் ஓய வேண்டியதில்லை. அறிவித்த பிறகு ஓயவே மாட்டோம்.

எங்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுடைய பெயரைச் சொன்னால் போதும், அவனுடைய உயரத்தையும் எடையையும் சந்தையில் கன்று விலை பேசுகிறவர்களைப் போல நாங்கள் ஒப்பிப்போம். "எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட விரோதம் கிடையாது" என்று ஆரம்பித்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு பையனுடைய எதிர்காலம் முடிந்தது என்று அர்த்தம். "நான் என் கண்ணால பார்த்தேன்" என்றால், டிவியில் நாற்பது விநாடி பார்த்தோம், அதிலும் பாதியில் சமையலறைக்குப் போய்விட்டோம் என்று அர்த்தம். "இவனுக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரியல" என்று உச்சுக்கொட்டுவோம். ஆட்டம் என்ன பாடப் புத்தகமா? தெரியாது. ஆனால் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள்.

நான் ஆடியதே இல்லையா என்று கேட்கிறீர்கள். ஆடியிருக்கிறேன். 1979இல் எங்கள் வாலர்டன் ஊர் அணிக்கு நான் மாற்றுக் கோல்காப்பாளன். முதல் ஆளுக்கு மூக்கில் அடிபட்ட ஒரு நாளில் பதினோரு நிமிடம் உள்ளே நின்றேன். மூன்று கோல் விழுந்தது. மூன்றாவது என் தப்பில்லை.

என் பெயர் லாய்ட் போட்னார். விவசாய இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் முப்பத்தைந்து வருடம் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவன். எங்கள் தேர்வுக்குழு தினமும் காலை ஒன்பது மணிக்கு கிளெண்டாவின் காப்பிக் கடையில் ஜன்னலோர மேஜையில் கூடும். உறுப்பினர்கள் மூன்று பேர். நான், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மர்வ், கால்நடை டாக்டர் ஆர்ன்ட். மர்வ் ஒரு பையனை விரும்பினால் அவன் அப்பாவையும் விரும்புவான். வெறுத்தால் பாட்டன் வரைக்கும் போவான். ஆர்ன்ட் அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் மாடு வரும்.

இந்த மேஜையில் போன வருடம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் நானே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். மர்வ் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் ஊர் ஜூனியர் அணியில் ஆட வெளியூர்ப் பையன்கள் வருவார்கள். அவர்களைக் குளிர்காலம் முழுக்க வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிற குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மூன்று வருடமாக எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவன் நோலன் டெஜார்லே. வடக்கே எட்டு மணி நேரப் பயணத்தில் ஏரிக்கரையில் மேட்டி என்கிற கலப்புப் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று, அங்கிருந்து வந்தவன். தடுப்பாட்டக்காரன். ஆறடி இரண்டங்குலம், நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டு. (பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன்.) என் மனைவி டார்லீனை 'டார்லீன்ம்மா' என்பான். என்னை 'பெருசு' என்பான். நாங்கள் உருளைக்கிழங்கு பூரணம் வைத்து அவிக்கிற பெரோகியை ஒரே வேளையில் பத்தொன்பது சாப்பிடுவான். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். எங்களுக்குப் பிறந்த இரண்டு பேரும் இதுவரை செய்யாத காரியம் அது.

போன வருடம் அவனுக்குப் பதினெட்டு. தேசிய அணியின் எட்டாவது தடுப்பாட்டக்காரன் யார் என்பதுதான் நாடு முழுக்கப் பேச்சு. செய்தித்தாளில் நான்கு பெயர்கள் அடிபட்டன. நான்கில் ஒன்று நோலன்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, நாங்கள் மூவரும் அவரவர் பட்டியலை மேஜையில் விரித்தோம். மர்வ் என் தாளை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தான்.

"யோவ் லாய்ட், நம்ம நோலன் எங்கய்யா?"

"இல்ல."

"இல்லன்னா? எழுத மறந்துட்டியா?"

"மறக்கல. யோசிச்சுத்தான் விட்டிருக்கேன்."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த கிளெண்டா பாதியில் நிறுத்திவிட்டாள். "அந்தப் பையன் உங்க வீட்லதானே தூங்குறான்?"

"அதனாலதான் கிளெண்டா. நாளைக்கு யாரும் நம்ம மேல கை நீட்டிப் பேசக் கூடாது பாரு. நடுநிலைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆர்ன்ட் மீசையைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா கண்காட்சிக்கு மாடு கொண்டுபோறேன். நம்ம மாட்டைப் பத்தி யாராவது கேட்டா, நல்ல மாடுன்னுதான் சொல்வேன். குறை கண்டுபிடிக்கத்தான் அங்க நடுவர் உக்காந்திருக்காரே."

"இது மாடு இல்ல ஆர்ன்ட்."

"அதான் சொல்றேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நோலன் நன்றாக ஆடுகிறவன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனை நான் ஆதரித்தால், வீட்டுப் பையன் என்பதால் ஆதரிக்கிறான் என்பார்கள். எதிர்த்தாலோ, அட, வீட்டுப் பையனையே விட்டுவிட்டான், எப்பேர்ப்பட்ட நேர்மையான மனுஷன் என்பார்கள். நாற்பது வருடத்தில் என்னை யாரும் எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று சொன்னதில்லை. ஒரு தடவை கேட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

எதிர்ப்பது என்று முடிவானதும் காரணம் வேண்டுமே. ஒரு வாரம் தேடினேன். கிடைத்தது. இடது பக்கம் திரும்பும்போது நோலன் கொஞ்சம் மெதுவு.

அந்தத் தாளை மடித்துச் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். குழாய் ரிப்பேர்க்காரரின் எண்ணைத் தேடிய டார்லீன் கையில் அது சிக்கியது.

"இதுல நோலி பேரக் காணோமே?"

"அது வந்து… தேசிய அளவுல பார்க்கும்போது…"

"நேத்து நம்ம வாசல்ல முழங்கால் உசரத்துக்குப் பனி கெடந்துச்சு. அந்தப் பையன்தான் வாரிக் கொட்டினான். அப்போ நீ தேசிய அளவுல என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"டிவில என்ன?"

"ஹாக்கி."

அவள் தாளை இருந்த இடத்திலேயே செருகினாள். அந்த வாரம் என் காப்பியில் சர்க்கரை விழவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் விஷயம் மூன்று பேருக்கும் ஒரு காப்பிக் கடைக்கும் நடுவில் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் இனத்துக்குக் காப்பிக் கடை ஒரு படிக்கட்டு மட்டும்தான். மேலே ரேடியோ இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் எங்கள் வட்டார ரேடியோவில் நேயர்கள் ஃபோனில் பேசுகிற ஹாக்கி நிகழ்ச்சி வரும். டார்லீன் கடைக்குப் போயிருந்தாள். நோலனுடைய அணி வெளியூர் ஆட்டத்துக்காக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. நான் ஃபோனைக் காதில் வைத்தபடி இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். பேச வேண்டியதைக் கடிதாசு உறையின் பின்பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். கடைசியில் நிகழ்ச்சி நடத்துகிறவர், "வாலர்டன்லேர்ந்து லாய்ட், சொல்லுங்க" என்றார்.

"வணக்கம். எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட விரோதம் கிடையாது. ஆனா அந்த எட்டாவது இடத்துக்கு டெஜார்லே பேரச் சொல்றாங்க பாருங்க, அது சரியில்ல. பையன் நல்லவன். ஆனா இடது பக்கம் திரும்பும்போது கொஞ்சம் மெதுவு. எனக்குத் தெரியும். நான் தினமும் பார்க்கிறேன்."

"தினமுமா? நீங்க கோச்சா?"

"இல்லைங்க. அவன் எங்க வீட்லதான் இருக்கான்."

"அப்போ வீட்ல திரும்பும்போதுதான் மெதுவா?" என்றார் அவர். "ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம் இருக்கு லாய்ட்? இடது பக்கமா?"

பதில் யோசிப்பதற்குள் அடுத்த நேயரிடம் போய்விட்டார். கடிதாசு உறையில் இன்னும் நான்கு குறிப்பு மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் நோலன் ஏழு பெரோகி சாப்பிட்டான். பத்தொன்பது சாப்பிடுகிறவன் ஏழு. டார்லீன் அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கடைக்காரர்கள் எல்லோரும் ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்பதை நான் எப்படி மறந்தேன்?

அன்று பிற்பகல் சொந்த ஊர் ஆட்டம். தேசிய அணிக்காக ஆள் பார்க்க வந்த இரண்டு பேர், கழுத்தில் அட்டையோடு, என் வரிசைக்கு நாலு வரிசை மேலே உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் எதிரணிக்காரன் ஒருவன் பக் என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு நோலனுடைய இடது பக்கமாக வந்தான். நோலன் திரும்பித் தடுத்துவிட்டான். மறுபடி இன்னொருவன். அவனும் இடது பக்கம். மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாவது முடிவதற்குள் ஐந்து பேர். ஐந்தாமவன் தாண்டிப் போய்க் கோல் அடித்தான். அவர்கள் ரேடியோ கேட்டிருக்கிறார்கள்! என் ஒரு நிமிடப் பேச்சு ஒரு பையனுடைய வாழ்க்கையை முடித்துவிட்டது! திரும்பி மேல் வரிசையைப் பார்த்தேன். அட்டைக்காரர்களில் ஒருவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதுகிற வேகத்தைப் பார்த்தால் என் வார்த்தைகளையே எழுதுவது போலத் தோன்றியது.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது டார்லீன் வேண்டுமென்றே எழுந்து போய்விட்டாள். முட்டையைத் தட்டில் நகர்த்திக்கொண்டே நான் ஆரம்பித்தேன்.

"நோலன், சனிக்கிழமை ரேடியோல நான்…"

"தெரியும். பஸ்ல டிரைவர் சத்தமா வெச்சிருந்தார்."

"பசங்க எல்லாரும் கேட்டாங்களா?"

"எல்லாரும்தான். அன்னைக்குலேர்ந்து எனக்குப் பேரு ஃபிரிட்ஜ்."

"நேத்து அவனுங்க எல்லாம் உன் இடது பக்கமாவே வந்தது… அது என்னாலதானேடா?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பெருசு, நான் இடது பக்கம் மெதுவுன்னு இந்த லீக்ல அத்தனை டீமுக்கும் ரெண்டு வருஷமாத் தெரியும். வீடியோ போட்டுப் பார்த்துட்டுத்தான் வருவாங்க. கோச் தினம் அதுக்குன்னே என்னைத் தனியா விட்டு அரை மணி நேரம் சுத்த விடுறார். நீங்க பேசினதைக் கேட்டா ஆடுவாங்க?"

அப்பாடா என்று இருந்தது. ஒரு நிமிடம்தான். அப்புறம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சங்கூடவா என் பேச்சு வேலை செய்யவில்லை? ஐந்தில் ஒருவனாவது கேட்டிருக்கக் கூடாதா? ஒரு பையனைக் கெடுத்துவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் புரண்டவன், கெடுக்கக்கூட முடியவில்லையே என்று காலையில் வருத்தப்பட்டேன். இந்த இனத்தை இதைவிடத் தெளிவாக உங்களுக்குக் காட்ட என்னால் முடியாது.

"பசங்க சிரிச்சது பரவால்ல" என்றான் நோலன், தட்டைப் பார்த்தபடி. "எங்கம்மாவும் கேட்டுட்டாங்க. ஊர்ல இன்டர்நெட்ல அந்த நிகழ்ச்சியைக் கேப்பாங்க. என் பேரு வருமான்னு."

"என்ன சொன்னாங்க?"

"அந்த வீட்ல உனக்கு ஒழுங்கா சாப்பாடு போடுறாங்களான்னு கேட்டாங்க."

"நீ?"

"போடுறாங்கன்னு சொன்னேன்."

எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனான். என் தட்டையும் சேர்த்துக் கழுவியிருந்தான். அது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் நடுவில், பட்டியல் வருகிற நாள். தேர்வானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் காலை ஒன்பதுக்குள் ஃபோன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நோலன் ஃபோனைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டார்லீன் ஒரே வாணலியை மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அது முந்தின நாள் தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டு நாற்பதுக்கு மணி அடித்தது.

"ஆமா சார்… ஆமா… புரியுது சார்… ரொம்ப நன்றி சார்."

அவ்வளவுதான். ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"ரிசர்வ். யாருக்காவது அடிபட்டா மொதல்ல என்னைக் கூப்பிடுவாங்களாம்."

டார்லீன் ஈரக் கையோடு வந்து அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ஆறடி இரண்டங்குலப் பையன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அப்படியே இருந்தான். அவன் முதுகு மட்டும் குலுங்கியது. இரண்டு மாதமாக இந்தப் பையனைப் பற்றிக் காப்பிக் கடையில் பேசினேன், ரேடியோவில் பேசினேன், பெட்ரோல் போடும் இடத்தில் தெரியாதவனைப் பிடித்துப் பேசினேன். இப்போது அவனிடமே பேச ஒரு வார்த்தையும் வரவில்லை. ரொம்ப நேரம் தேடிவிட்டு, "இன்னும் ரெண்டு முட்டை போடட்டுமா?" என்றேன்.

"வேணாம் பெருசு" என்றான்.

ஒன்பதே காலுக்குக் கிளெண்டா கடைக் கதவை நான் திறந்த வேகத்தில் மணி கழன்று விழுந்தது.

"அநியாயம்! பார்த்தீங்களா, என்ன பண்ணி வெச்சிருக்கானுங்க? அந்தக் கமிட்டில ஒருத்தனுக்காவது கண்ணு இருக்கா?"

மர்வ் நிதானமாகக் காப்பியை ஊதினான். "எனக்கென்னமோ சரின்னுதான் தோணுது. இடது பக்கம் மெதுவுதானே. தேசிய அளவுல அது தாங்காது."

"யாருய்யா மெதுவு?"

"நீதான்யா ரேடியோல சொன்ன!"

"அதுக்கு? ஒரு மனுஷன் எதுக்கு இடது பக்கம் திரும்பணும்? ஆட்டத்துல பாதி வலது பக்கம்தான்யா நடக்குது! நாலு வருஷமா பார்க்கிறேன், அவனை மாதிரி ஆட்டத்தைப் படிக்கிறவன் இந்த நாட்டுல எவன் இருக்கான்?"

"மூணு வருஷம்" என்றார் ஆர்ன்ட்.

கிளெண்டா கீழே குனிந்து மணியை எடுத்தாள். "போன மாசம் நீங்க வேணும்னீங்க, இவர் வேணாம்னார். இப்போ இவர் வேணும்ங்கிறார், நீங்க வேணாம்ங்கிறீங்க. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் குடுத்து அனுப்பியிருக்காங்க போல. வாரா வாரம் கை மாத்திக்கிறீங்க."

அவளுக்குப் புரியாது. எங்கள் இனத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். அவர்கள் எழுதுகிற பட்டியல் தப்பு. அது வரும்வரை நாங்கள் எதை வேண்டுமானாலும் நம்பலாம். வந்த பிறகு அதற்கு எதிராக ஒருவனாவது இருந்தாக வேண்டும். அன்று காலை அந்த வேலை என் பங்குக்கு வந்தது. மர்வுக்கோ என்னை எதிர்ப்பது பட்டியலை எதிர்ப்பதைவிட முக்கியம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பையன்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். நோலன் தேசிய அணியின் முகாமுக்குப் போவான் என்று நம்பி வடக்கே போக யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. டார்லீன் காரின் சாவியை என் முன்னால் வைத்தாள்.

"நீயே கொண்டுபோய் விடு."

"எட்டு மணி நேரம் டார்லீன்."

"ரேடியோ போடாம."

இருட்டு பிரியும்போதே கிளம்பினோம். முதல் மூன்று மணி நேரம் சாலையும் பனியும் மட்டும். பெட்ரோல் போட நிறுத்தின இடத்தில் இரண்டு காப்பி வாங்கி வந்தான். அப்புறம் தானாகவே பேசினான்.

"அந்த எட்டாவது இடத்துக்கு ஹாலிஃபேக்ஸ்லேர்ந்து ஒருத்தனை எடுத்தாங்கல்ல பெருசு? அவன் என்னைவிட நல்லா ஆடுறவன்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? கோடையில முகாம்ல பத்து நாள் அவன் எதிர்ல நின்னு ஆடியிருக்கேன். அவனைத் தாண்டி ஒரு தடவைகூட என்னால போக முடியல."

நாற்பது வருடமாகப் பட்டியல் போடுகிறேன். அந்த எட்டு மணி நேரத்தில் நான் கேட்ட அந்த ஒரு வரிக்கு நிகரான நேர்மை என் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. அடுத்த அறுபது மைல் வாயைத் திறக்கவில்லை. டார்லீனிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாள்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஏரியைப் பார்த்த ஒரு சின்ன நீல வீடு. கதவைத் திறந்துகொண்டு நோலனுடைய அம்மா ரோசலின் வெளியே வந்தார். குள்ளமான பெண்மணி, பெரிய கோட்டு. மகனைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, ஏதோ காதோடு சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரேடியோல பேசினது நீங்கதானே?"

இல்லை, அது வேறு லாய்ட் என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தேன்.

"ஆமாங்க."

"இடது பக்கம் மெதுவுதான். பன்னெண்டு வயசுலேர்ந்து நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு மூச்சு வந்தது. "அதைத்தாங்க நானும்…"

"நான் வீட்டுக்குள்ள சொன்னேன்."

குளிர் மைனஸ் முப்பத்தொன்று. என் காது மட்டும் சுட்டது.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? அவன் அங்க நிக்கிறான்."

நோலன் காரின் பின்னாலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கையுறையைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

"நோலன், நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் லிஸ்ட்ல உன்னை வெச்சிருக்கணும்."

"உங்க லிஸ்ட்ல இருந்திருந்தா கூப்பிட்டிருப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"அப்படியும் வெச்சிருக்கணும்டா."

அவன் காரின் பின்கதவைச் சாத்தினான்.

"ஆமா" என்றான். "வெச்சிருக்கலாம்."

இரண்டு மூட்டையில் கனமானதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அன்று அங்கேயே தங்கச் சொன்னார்கள். கடமான் கறிக் குழம்பும் சுடச்சுடத் தட்டை ரொட்டியும் பரிமாறினார்கள். மேஜையில் ரோசலினுடைய அண்ணனும் மதினியும் இருந்தார்கள். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் விரிந்து கிடந்தது. தேசிய அணிப் பட்டியல். மூன்றாவது கோல்காப்பாளனாக எடுத்தவன் எதற்கும் லாயக்கில்லாதவன் என்பது அண்ணனுடைய கட்சி, அவனைத்தான் முதல் ஆளாக நிறுத்த வேண்டும் என்பது மதினியுடைய கட்சி. நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு ரொட்டியைப் பிய்த்தேன். சத்தியம் இரண்டாவது கரண்டிக் குழம்பு வரை தாங்கியது.

"கோல்காப்பாளர் விஷயம்னா நான் சொல்லலாம். நானே நின்னிருக்கேன்…"

"எத்தனை நிமிஷம்?" என்றான் நோலன், நிமிராமல்.

மேஜை முழுக்கச் சிரித்தது. ரோசலின்கூட. பதினெட்டாவது ரொட்டியோ என்னவோ, நோலன் எண்ணாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த உலகக் கோப்பையில் யாருக்கும் அடிபடவில்லை. ஃபோன் வரவும் இல்லை. ஹாலிஃபேக்ஸ் பையனுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், கணுக்காலில் ஒரு சின்னச் சுளுக்கு போதும் என்று ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பிரமாதமாக ஆடினான். என் வேண்டுதலும் என் ரேடியோப் பேச்சைப் போலத்தான்.

சரி. இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், நியாயம்தான். இப்போது ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். நோலனை எடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? உங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. தட்டைக் கழுவி வைத்தபோதே பாதி முடிவு செய்துவிட்டீர்கள். அம்மாவைப் பார்த்ததும் மீதியும் முடிந்தது. அல்லது ஹாலிஃபேக்ஸ் பையன்தான் சரி என்கிறீர்கள், அதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறீர்கள். நோலன் ஆடி நீங்கள் ஒரு விநாடிகூடப் பார்த்ததில்லை. அந்த இன்னொரு பையனுடைய பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை.

உட்காருங்கள். கிளெண்டா, இங்கே இன்னொரு காப்பி.